டயாலிசிஸ் நோயாளிகளும் புரதத்தைக் குறைக்க வேண்டுமா? சத்தமின்றிக் கரையும் தசைகள்: ஒரு விளக்கம்

புது தில்லி: நாள்பட்ட சிறுநீரக நோய் என்றதும் உப்பு, பொட்டாசியம், குடிநீரின் அளவு, ரத்தத்தில் கிரியேட்டினின் ஆகியவையே நோயாளிகளின் கவனத்துக்கு வருகின்றன. ஆனால், அவர்களது வாழ்நாளைப் பெரிதும் பாதிக்கும் மற்றொரு சிக்கல் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. உடலில் சேமிக்கப்பட்டுள்ள புரதமும் தசையும் சிறிது சிறிதாகக் கரைவதே அச்சிக்கல். டயாலிசிஸ் சிகிச்சை தொடங்கிய பின்னரும் பழைய உணவுக் கட்டுப்பாட்டையே தொடர்வது இதனை மேலும் விரைவுபடுத்துகிறது.

புரத-ஆற்றல் சிதைவு என்பது என்ன?

சிறுநீரக ஊட்டச்சத்து தொடர்பான சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு, 2008-ஆம் ஆண்டு இந்நிலைக்கு 'புரத-ஆற்றல் சிதைவு' என்ற பெயரை முன்மொழிந்தது. இதனைக் கண்டறிய நான்கு அளவுகோல்களையும் வகுத்தது. ரத்தத்தில் அல்புமின் போன்றவற்றின் அளவு, உடல் எடை மற்றும் கொழுப்பு, தசையின் அளவு, உண்ணும் உணவின் அளவு ஆகியவையே அவை. இவற்றில் மூன்றில் குறைபாடு காணப்பட்டால் பாதிப்பு உறுதி செய்யப்படுகிறது. முயற்சி ஏதுமின்றி மூன்று மாதங்களில் 5 சதவீத எடையோ, ஆறு மாதங்களில் 10 சதவீத எடையோ குறைவது முக்கிய அறிகுறியாகும்.

போதிய உணவின்மையால் ஏற்படும் சாதாரண ஊட்டச்சத்துக் குறைபாட்டிலிருந்து இது வேறுபட்டது. பசியால் வாடும் ஒருவருக்குப் போதிய உணவு கிடைத்தால் உடல் தேறிவிடும். சிறுநீரக நோயில் உணவு மட்டுமே போதுமானதாக இருப்பதில்லை. தசையைக் கரைக்கும் காரணிகள் உடலுக்குள்ளேயே இயங்கிக் கொண்டிருக்கின்றன.

தசை கரைவது ஏன்?

சிறுநீரகம் செயலிழக்கும்போது ரத்தத்தில் கழிவுகள் சேர்ந்து பசி மந்தமாகிறது. நாவின் சுவையும் மாறுகிறது. வெளியேற வேண்டிய அமிலம் உடலிலேயே தங்கி, தசைப் புரதத்தைச் சிதைக்கும் செயல்பாட்டைத் தூண்டுகிறது. நீடித்த அழற்சியும், இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலையும் இதற்குத் துணை போகின்றன. சோர்வால் நடமாட்டம் குறைவதும் தசையை மெலியச் செய்கிறது.

டயாலிசிஸ் சிகிச்சையிலும் இழப்பு உண்டு. ஒருமுறை ரத்தச் சுத்திகரிப்பு செய்யும்போது, கழிவுகளுடன் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன. வயிற்றுறை வழியாகச் செய்யப்படும் டயாலிசிஸில் நாள்தோறும் 5 முதல் 15 கிராம் வரை புரதம் வெளியேறலாம்.

தலைகீழாக மாறும் உணவு விதி

டயாலிசிஸ் தேவைப்படாத கட்டத்தில், சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்க உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும் என்று பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. டயாலிசிஸ் தொடங்கியதும் இந்த விதி மாறுகிறது. அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை எனக் கூறுகின்றன.

அதாவது, 60 கிலோ எடையுள்ள ஒருவர் டயாலிசிஸுக்கு முன்பு 36 முதல் 48 கிராம் வரை புரதம் உட்கொண்டிருந்தால், அதன் பின்னர் 60 முதல் 72 கிராம் வரை உட்கொள்ள வேண்டும். ஆனால், 'பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம்' என்று முதலில் கேட்ட அறிவுரையையே பலர் ஆண்டுக்கணக்கில் பின்பற்றுகின்றனர்.

புரதத்தைக் குறைக்க வேண்டிய கட்டத்திலும் மொத்த உணவைக் குறைப்பது தவறு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 35 கலோரி வரை ஆற்றல் கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், உடல் தன் தசையையே எரிபொருளாக்கிக் கொள்ளும்.

வெளியே தெரியாத பாதிப்பு

எடைக் கருவி இந்தப் பாதிப்பை மறைத்துவிடக் கூடும். தசை குறையும் அதே வேளையில் உடலில் நீர் கோத்துக்கொள்வதால் எடை மாறாததுபோல் தோன்றும். எனவே, டயாலிசிஸ் முடிந்து மிகையான நீர் நீங்கிய பின் உள்ள எடையையே மாதந்தோறும் ஒப்பிட வேண்டும்.

கிரியேட்டினின் அளவும் ஏமாற்றக் கூடும். இது தசையிலிருந்து உருவாகும் கழிவுப்பொருள் என்பதால், தசை குறைந்தால் அதன் அளவும் குறையும். பரிசோதனை முடிவைக் கண்டு நோய் தணிந்துவிட்டதாகக் குடும்பத்தினர் மகிழும் வேளையில், நோயாளி உண்மையில் மெலிந்துகொண்டிருக்கலாம். ஐயம் இருப்பின், தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.

தரையில் கையூன்றாமல் எழ இயலாமை, கைப்பிடியின் வலு குறைதல், நெற்றிப்பொட்டும் தோள்பட்டையும் ஒட்டிப்போதல், வளையல் தளர்தல் ஆகியவை வீட்டிலேயே கவனிக்கக் கூடிய அடையாளங்கள்.

இந்தியச் சூழல்

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்வதே வழக்கமான முறை என்றாலும், செலவு, பயணத் தொலைவு காரணமாக இந்தியாவில் பலர் இரண்டு முறை மட்டுமே செய்துகொள்கின்றனர். இதனால் கழிவுகள் தேங்கி, பசி மேலும் குறைகிறது. 2016-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. எனினும், சத்தான உணவுக்கான செலவைப் பெரும்பாலும் குடும்பமே சமாளிக்க வேண்டியுள்ளது. தானியமே பிரதானமான உணவில் புரதத்துக்கு இடம் குறைவு. 100 கிராம் சோற்றில் 3 கிராமுக்கும் குறைவான புரதமே உள்ளது.

என்ன செய்யலாம்?

முட்டையின் வெள்ளைக்கரு விலை குறைந்த, தரமான புரதம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 3.5 கிராம் புரதம் உள்ளது. பாஸ்பரஸ் மிகக் குறைவு. சைவ உணவு உண்போர் பருப்பு, பயறு, பனீர் ஆகியவற்றை அளவறிந்து சேர்க்கலாம். பருப்பிலுள்ள பாஸ்பரஸின் ஒரு பகுதியை மட்டுமே உடல் உறிஞ்சுகிறது. பொட்டலமிட்ட உணவுகளில் பதப்படுத்தச் சேர்க்கப்படும் பாஸ்பேட் அதைவிட எளிதில் உறிஞ்சப்படுவதால், முதலில் தவிர்க்க வேண்டியவை அத்தகைய உணவுகளே. காய்கறிகளை நறுக்கி, மிகுதியான நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் குறையும்.

மருத்துவரின் ஒப்புதலுடன் நடைப்பயிற்சியும், கை கால்களுக்கு வலுவூட்டும் எளிய பயிற்சியும் மேற்கொள்ளலாம். ரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்திருந்தால் அதனைச் சீராக்க மருந்துகள் உள்ளன. புரத மாவுகளைத் தாமாக வாங்கி உட்கொள்வது கூடாது. அவற்றில் சிலவற்றில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகுதியாக இருக்கலாம்.

டயாலிசிஸ் தொடங்கும் நாளிலேயே நோயாளிகள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நாளொன்றுக்கு எனக்கு எத்தனை கிராம் புரதம் தேவை? எனது அல்புமின் அளவு என்ன? நீர் நீங்கிய பின் எனது எடை கடந்த மூன்று மாதங்களில் எப்படி மாறியுள்ளது? கரைந்த தசையை மீட்பதைவிட, கரையாமல் காப்பது எளிது.