புதிய வேலி அமைக்க விலை மதிப்பீடு கேட்பதற்கு முன்

பழைய மரவேலி ஒன்று மழையிலும் காற்றிலும் சாய்ந்துவிடுகிறது. வீட்டு உரிமையாளர் ஒப்பந்தகாரர் ஒருவரை அழைக்கிறார், விலை பேசுகிறார், ஒரு வாரத்தில் புதிய வேலி எழுந்துவிடுகிறது. அதன் பின்னர் பாதிச் செலவைத் தருமாறு அயல்வீட்டாரைக் கேட்கிறார். அயல்வீட்டார் மறுக்கிறார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இத்தகைய சூழ்நிலையில் செலவு முழுவதும் பெரும்பாலும் கட்டியவரின் தலையிலேயே விழுகிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே உடன்பாடு செய்திருக்க வேண்டும், அல்லது எழுத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிலைப்பாடு.

ஆகவே, விலை மதிப்பீடு என்பது உரிமையாளருக்கும் ஒப்பந்தகாரருக்கும் இடையிலான விடயம் மட்டுமன்று. அயல்வீட்டாரிடம் செலவில் பங்கு கேட்பதற்கு அதுவே அடிப்படை ஆவணமாகும். அதைக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் கீழே விளக்கப்படுகின்றன.

சட்டம் கூறுவது என்ன?

இரு காணிகளுக்கு இடையிலான வேலியைப் பற்றிய விதிகள் 1991ஆம் ஆண்டின் எல்லை வேலிகள் சட்டத்தில் உள்ளன. ஆங்கிலத்தில் இது ‘டிவைடிங் ஃபென்சஸ் ஆக்ட்’ என வழங்கும். மதிலைக் கட்டியவருக்கே மதில் சொந்தம் என்ற வழக்கத்தில் பழகியவர்களுக்கு இச்சட்டம் புதிதாகத் தோன்றலாம். போதுமான வேலி இல்லாத இடத்தில், அத்தகைய வேலியை அமைக்கும் செலவை இரு பக்க உரிமையாளர்களும் சமமாக ஏற்க வேண்டும் என்பது இதன் பொது விதியாகும்.

‘போதுமான வேலி’ எது என்பது ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. இப்போதுள்ள வேலியின் தன்மை, காணிகளின் பயன்பாடு, இரு வீட்டாரின் தனிமறைவு, அப்பகுதியில் வழக்கமாக அமைக்கப்படும் வேலி வகை, மாநகர சபையின் விதிகள் ஆகியன கருத்தில் கொள்ளப்படும். ஒருவர் அதைவிட உயர்ந்த தரத்தில் வேலி கேட்டால், மேலதிகச் செலவை அவரே ஏற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, போதுமான மரப்பலகை வேலிக்கு 4,000 டாலரும், ஒருவர் விரும்பும் வேறு வகை வேலிக்கு 5,200 டாலரும் ஆகும் எனக் கொள்வோம். அயல்வீட்டாரின் பங்கு 2,000 டாலர் மட்டுமே. விரும்பியவர் 3,200 டாலர் செலுத்த வேண்டும். இக்காரணத்தால், இரு வகை வேலிகளுக்கும் தனித்தனியாக விலை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒருவரின் கவனக்குறைவாலோ வேண்டுமென்றே செய்த செயலாலோ வேலி சேதமடைந்திருந்தால், அதைச் சீர்செய்யும் செலவு அவரையே சாரும். வீதி, பொதுப் பூங்கா போன்றவற்றை ஒட்டிய வேலிக்கு மாநகர சபையிடம் பங்கு கேட்க இச்சட்டம் இடமளிப்பதில்லை.

முதற்படி: அயல்வீட்டாருடன் பேசுதல்

ஒப்பந்தகாரரை அழைப்பதற்கு முன் அயல்வீட்டாருடன் பேசுவதே சிறந்த தொடக்கமாகும். வேலியின் உயரம், பொருள், நிறம், வேலை நடைபெறும் காலம் ஆகியவற்றில் உடன்பாடு ஏற்பட்டால், அதை எழுத்தில் பதிந்து இருவரும் கையொப்பமிடுவது பின்னர் எழக்கூடிய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

அந்த வீட்டில் வசிப்பவர் வாடகைக்கு இருப்பவராயின், அவருடன் செய்யும் உடன்பாடு வீட்டு உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. உரிமையாளரையே அணுக வேண்டும். வேலி தொடர்பான தேவைக்காக உரிமையாளரின் பெயரையும் அஞ்சல் முகவரியையும் பெறுவதற்குப் பல மாநகர சபைகளில் விண்ணப்பப் படிவம் உண்டு.

எல்லையும் அளவும்

பழைய வேலி நிற்கும் கோடுதான் சட்டப்படியான எல்லை என்று கருதிவிடக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வேலிகள் சில இடங்களில் எல்லையிலிருந்து விலகி நிற்பதுண்டு. இரு தரப்பினருக்கும் ஐயம் இல்லையெனில் பழைய கோட்டிலேயே அமைக்கலாம். ஐயமோ கருத்து வேறுபாடோ இருந்தால், பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறித்த பின்னரே விலை கேட்க வேண்டும். வேலியைக் கட்டிய பிறகு அதைப் பிடுங்கி நகர்த்துவது அளவைக் கட்டணத்தைவிடப் பெருஞ்செலவாகும்.

அடுத்து, வேலியின் மொத்த நீளத்தை மீட்டரில் அளந்து, ஒரு எளிய வரைபடத்தில் குறிக்க வேண்டும். வாசற்கதவு வரும் இடம், நிலம் சரியும் பக்கம், வேலிக்கு அருகிலுள்ள மரங்கள், கழிவுநீர்க் குழாய் மூடிகள், ஒப்பந்தகாரர் பொருட்களைக் கொண்டுசெல்லும் பாதையின் அகலம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளலாம். இரு காணிகளின் தரைமட்டம் வேறுபட்டிருந்தால் மண் தாங்கு சுவர் தேவைப்படலாம். வேலியைத் தாங்குவதற்கு அவசியமான அடித்தளமாக அமைந்தாலன்றி, அத்தகைய சுவர் ‘வேலி’ என்ற சட்ட வரையறைக்குள் வராது. ஆகவே அதன் விலையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

உயரமும் அனுமதியும்

குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலான வேலிகளுக்கு மாநகர சபையின் அனுமதி தேவையில்லை. பொதுவாக, வீட்டின் முன்சுவர்க் கோட்டுக்குப் பின்னால் 1.8 மீட்டர் வரையும், அதற்கு முன்னால் 1.2 மீட்டர் வரையும் உயரம் அனுமதிக்கப்படுகிறது. வேலியின் வகை, அமைப்பு பற்றிய நிபந்தனைகளும் உண்டு. மரபுரிமைப் பாதுகாப்புப் பகுதிகளுக்கும் வெள்ளக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காணிகளுக்கும் இந்த விலக்கு பொருந்தாமற் போகலாம். காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் வேலிக்குப் பயன்படுத்தும் பொருள் பற்றிய விதிகள் உள்ளன. நீச்சல்குளத்தின் தடுப்பாகவும் எல்லை வேலி பயன்படுமாயின், அது குறைந்தது 1.8 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பதுடன் வேறு பாதுகாப்பு நிபந்தனைகளும் சேரும். மரத்தை வெட்டவோ கிளைகளை அகற்றவோ தனி அனுமதி தேவைப்படலாம். விலை கேட்பதற்கு முன் மாநகர சபையின் திட்டமிடல் பிரிவில் விசாரித்தல் நலம்.

நிலத்தடியும் பழைய வேலியும்

வேலிக் கம்பங்களுக்குக் குழி தோண்டும்போது எரிவாயு, மின்சாரம், நீர், தொலைத்தொடர்பு இணைப்புகள் சேதமடையக்கூடும். ‘பிஃபோர் யூ டிக்’ என்னும் தேசிய சேவையில் நிலத்தடி இணைப்புகளின் வரைபடங்களை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். காணிக்கு உள்ளே செல்லும் தனியார் குழாய்களும் கம்பிகளும் அவ்வரைபடங்களில் இடம்பெறாமல் இருக்கலாம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பழைய வீடுகளின் சாம்பல் நிற சிமெந்துத் தகட்டு வேலிகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதை உடைப்பதோ அறுப்பதோ துளையிடுவதோ உயர் அழுத்த நீரால் கழுவுவதோ கூடாது. நுண்ணிய இழைகள் காற்றில் கலந்து, உள்ளிழுப்பவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் கடுமையான நோயை உண்டாக்கலாம். 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அஸ்பெஸ்டஸ் தகடுகளை அகற்றுவதற்கு உரிமம் பெற்றவரையே அமர்த்த வேண்டும். 1.8 மீட்டர் உயரமான வேலியில் 6 மீட்டர் நீளமே அந்த அளவைத் தாண்டிவிடும். இந்த ஐயம் இருந்தால், விலை கேட்கும்போது முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

விலை மதிப்பீட்டில் இடம்பெற வேண்டியவை

தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லப்படும் தொகை ஓர் உத்தேசம் மட்டுமே. இடத்தை நேரில் பார்த்து, எழுத்தில் தரப்படும் விலையே ஒப்பிடுவதற்கு உதவும். ஒரே விவரங்களைக் கொடுத்து, இரண்டு அல்லது மூன்று ஒப்பந்தகாரர்களிடம் கேட்பது நல்லது. ஒவ்வொரு மதிப்பீட்டிலும் பின்வருவன தெளிவாக இருக்க வேண்டும்:

• வேலியின் நீளம், உயரம், பொருள், நிறம்
• கம்பங்களின் இடைவெளி, குழியின் ஆழம், கான்கிரீட் பயன்பாடு
• வேலியின் அடியில் இடைவெளியை மூடும் பலகை அல்லது தடுப்பு
• பழைய வேலியை அகற்றி அப்புறப்படுத்தும் செலவு
• பாறையோ மரவேரோ எதிர்ப்பட்டால் கூடும் கட்டணம்
• வாசற்கதவு, பூட்டு ஆகியவற்றின் விலை
• ஜிஎஸ்டி சேர்ந்த மொத்தத் தொகையும், அந்த விலை செல்லுபடியாகும் காலமும்
• ஒப்பந்தகாரரின் உரிம எண், பொதுப் பொறுப்புக் காப்புறுதி

கூலி, பொருட்கள், ஜிஎஸ்டி அனைத்தும் சேர்த்து 5,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டுக் கட்டட வேலைகளுக்கு, உரிமம் பெற்ற ஒப்பந்தகாரரும் எழுத்து ஒப்பந்தமும் தேவை. முற்பணம் ஒப்பந்தத் தொகையின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உரிமம் செல்லுபடியானதா என்பதை மாநில அரசின் இணையப் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம். பாதித் தொகையை முன்கூட்டியே கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது அவசியம்.

உடன்பாடு ஏற்படாவிட்டால்

அயல்வீட்டார் இணங்காதபோது, அவருக்கு எழுத்தில் வேலி அறிவித்தல் கொடுக்கலாம். வேலி அமைய வேண்டிய கோடு, வேலியின் வகை, மதிப்பிடப்பட்ட செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். செலவைச் சமமாக அன்றி வேறு விகிதத்தில் பகிர விரும்பினால் அதையும் குறிப்பிட வேண்டும். மேலே கூறியவாறு விவரமாகப் பெற்ற விலை மதிப்பீடு இங்கேதான் பயன்படுகிறது. அறிவித்தலின் பிரதி ஒன்றையும், அதைக் கொடுத்த தேதியையும் பத்திரப்படுத்துவது நல்லது.

ஒரு மாதத்துக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால், உள்ளூர் நீதிமன்றத்துக்கோ ‘என்கேட்’ எனப்படும் மாநிலத் தீர்ப்பாயத்துக்கோ இரு தரப்பினரில் எவரும் விண்ணப்பிக்கலாம். அதன் தீர்ப்பு வரும்வரை பழைய வேலியை அகற்றாதிருப்பதே பாதுகாப்பானது. வேலி சேதமடைந்து, உடனடியாகச் சரிசெய்ய வேண்டிய அவசர நிலை இருந்தால், அறிவித்தல் இன்றியே வேலையைச் செய்து பங்கு கேட்கச் சட்டம் இடமளிக்கிறது. அப்போது சேதத்தின் ஒளிப்படங்களை எடுத்து வைக்க வேண்டும். அயல்வீட்டாரிடையே எழும் வேலித் தகராறுகளில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் மாநகர சபைக்கு இல்லை.

மொழி உதவி

மாநகர சபையுடனோ அரசு அலுவலகங்களுடனோ தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அழைக்கும்போது வீட்டு முகவரி, வரைபடம், பெற்ற விலை மதிப்பீடுகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது உரையாடலை எளிதாக்கும். இங்கு தரப்பட்டவை பொதுத் தகவல்கள் மட்டுமே. தகராறு முற்றியிருந்தால் சட்ட ஆலோசனை பெறுவது உகந்தது.