எடிட்டரும் எழுத்துத் திருத்தமும்

ஒரே திருத்தத்தை நூறிடத்துச் செய்ய நேருமாயின் கை சலிக்கும். கை சலித்தவிடத்துக் கண்ணும் தவறும். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1715-ஆம் ஆண்டு புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்த காலத்தே, ஒவ்வொரு பிழைக்கும் அச்செழுத்தைத் தனித்தனியே பெயர்த்து மாற்றுதலன்றி வேறு வழியில்லை. இந்நாளிற் கணினி நிரல் எழுதுவோர் கையாளும் கோட் எடிட்டர் இவ்வுழைப்பைப் பெரிதுங் குறைக்கின்றது. அக்கருவி தமிழ் மாணவராகிய நமக்கும் உதவுமாற்றை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

நம் நகரின் பெயர்பூண்ட மதுரைத் திட்டம், ஸ்விட்சர்லாந்திலிருந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் முயற்சியால் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலே தொடங்கிற்று. பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியங் கருதாது நம் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றிப் பிழை நோக்கி யாவர்க்கும் இலவசமாக அளித்து வருகின்றனர். அவ்வழியைப் பின்பற்றி நாமும் ஒரு பழைய உரைநடை நூலைத் தட்டெழுத முற்பட்டபோது, பிழையொன்று நம்மை மிகவும் வருத்திற்று. ஔகாரம் ஓரெழுத்தேயாகும். நம்மிற் சிலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு, ஔவையை 'ஒளவை' என்றாக்கிவிட்டனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. ஆகவே ஔவையைத் தேடுவார்க்கு அந்நூலில் ஔவை அகப்படாள்.

எடிட்டரில் இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, தேடி மாற்றுதல்: பழைய வடிவையும் புதிய வடிவையுங் கொடுத்தால் நூல் முழுவதும் நொடியில் மாறும். இரண்டாவது, பல கர்ஸர்: 2015-இல் வெளிவந்த விஷுவல் ஸ்டூடியோ கோடில், ஒரு சொல்லைத் தேர்ந்து கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்துந்தோறும் அடுத்து வரும் அதே சொல்லும் சேரும், பின் ஒருமுறை எழுதுவது அத்தனை இடத்தும் எழுதப்படும். மூன்றாவது, ரெகுலர் எக்ஸ்பிரஷன்: எழுத்தை மட்டுமன்றி, அதன் முன்னும் பின்னும் வருவனவற்றையும் விதியாக வகுத்துத் தேடுவது. இவ்வகைத் தேடலுக்குரிய கணினி முறையொன்றைக் கென் தாம்ஸன் 1968-இல் வெளியிட்டார்.

நாம் அவசரத்தால் முதல் வழியைக் கைக்கொண்டு, அடுத்தடுத்து நின்ற ஒகர ளகரங்களையெல்லாம் ஔகாரமாக்கினோம். ஔவை சீர்பெற்றாள், ஆனால் 'ஒளி' கெட்டது, 'ஒளிர்', 'ஒள்ளிய' என்பனவும் உருக்குலைந்தன. நற்காலமாக, கண்ட்ரோல் விசையுடன் இஸட் விசையை அழுத்தப் பழைய நிலை மீண்டது. அதன் பின்னரே இலக்கணத்தை எண்ணினோம். ஔகாரத்துக்காகத் தவறி இட்ட ளகரம் குறியொன்றும் பெறாது நிற்கும். ஒளி முதலியவற்றின் ளகரமோ உயிர்க்குறியேனும் புள்ளியேனும் பெறும். ஆதலின், 'ஒகரத்தின்பின் வந்த ளகரத்தை அடுத்துக் குறி வாராதாயின் மாற்றுக' என ரெகுலர் எக்ஸ்பிரஷனில் விதி செய்து, மாற்றுமுன் ஒவ்வோரிடத்தையும் கண்ணுற்றோம். ஔவையும் ஔடதமும் திருந்தின, ஒளி நிலைத்தது.

நிரல் எழுதுவோர்க்கும் இதுவே நெறி. ஒரு மாறியின் பெயரை மாற்ற விழைவோர் வெறுந்தேடலை நம்பின், அப்பெயரைத் தம்முள் அடக்கிய பிற பெயர்களும் சிதையும். எடிட்டரிலுள்ள பெயர் மாற்றும் வசதியோ, நிரலின் இலக்கணத்தை அறிந்து அம்மாறி வருமிடத்தை மட்டும் மாற்ற வல்லது.

கருவி காலத்தை மிச்சமாக்கும். விதியை வகுப்பது நம் கடன். பொதுவிதி கூறி அதற்கு விலக்கும் வகுக்கும் பயிற்சியை நன்னூலிற் பெறும் நமக்கு இஃது அரிய செயலன்று. கணினியேறாத பழைய நூல்கள் இன்னும் பல உள. மிச்சமான பொழுதை அவற்றுக்கு அளிப்போமாக.