பாண்டி பஜாரில் கால்நடையாக

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஜவுளி எடுக்கப் புறப்படும் குடும்பஸ்தர்களுக்குப் பாண்டி பஜாரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில், 1920-களில் எழுந்தது தியாகராய நகர். ‘பாண்டி’ என்றதும் புதுச்சேரியை நினைப்போருண்டு. உண்மையில் அது டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரையொட்டி வந்தது.

2019 நவம்பரில் இவ்வீதியின் விசாலமான நடைபாதைகள் திறக்கப்பட்டன. ஆசனங்கள் போட்டிருக்கிறார்கள், குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன. மோட்டார் உறுமல்தான் முற்றும் ஒழிந்தபாடில்லை.

ஆனால், நடைபாதையையே ஜீவனமாகக் கொண்டிருந்தவர்கள் எங்கே? வளையல், ரிப்பன், கைக்குட்டை விற்றோரை 2013-லேயே மாடிக் கட்டடத்திற்குள் அனுப்பியாயிற்று. அங்கே வெயிலில்லை, மழையில்லை, வாஸ்தவந்தான். எனினும், கண்ணில் பட்டால் மட்டுமே வாங்கும் சாமானுக்காக மாடியேறுவார் யார்? பளபளக்கும் பெருங்கடைகளுக்கோ வாசல் தெருவிலேயே இருக்கிறது. சென்ற வாரம் ஹேர்பின்னுக்காகப் படியேறினேன். கடைக்கார அம்மாள் பேரம் பேசக்கூட இல்லை. நான் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்.