வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால்... ஆசனவாய் வழி மருந்தைக் கொடுப்பது எப்படி?

(நமது நிருபர்)

பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள நிமான்ஸ் ஆஸ்பத்திரிக்குக் காலை நேரத்தில் போனால் தமிழ்க் குரல் நிறையக் கேட்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமிருந்து பஸ்சிலும் ரெயிலிலும் வருகிறார்கள். ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர், அல்சூரில் குடியிருக்கும் நம்மவர்களும் வருகிறார்கள். வலிப்பு நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள வருபவர்கள் இவர்களில் பலர்.

அப்படி வந்து திரும்பும் சிலரிடம், தினசரி மாத்திரையோடு இன்னொரு மருந்தும் கொடுக்கப்படுகிறது. "வலிப்பு நிற்காமல் போனால் இதை ஆசனவாய் வழியாகக் கொடுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார்.

வீடு வந்ததும் அந்த மருந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. வெட்கம் ஒரு பக்கம். பயம் ஒரு பக்கம். தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்க ஆள் இருப்பதில்லை. எடுத்தாலும் எப்படிக் கொடுப்பது என்று தெரிவதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் இது நடந்தது. அவருடைய 7 வயது மகனுக்கு வலிப்பு வந்தபோது அவர் இரவு ஷிப்டில் இருந்தார். மருந்து வீட்டில்தான் இருந்தது. அதைக் கொடுக்கும் முறை அவருக்கு மட்டுமே தெரியும். மனைவிக்குத் தெரியாது. குழந்தையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வழி நெடுக வலிப்பு நிற்கவில்லை. "கையில் மருந்தை வைத்துக்கொண்டு தவித்தோம்" என்று அந்தத் தாய் இன்றும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்ன மருந்து?

அதன் பெயர் டயசெபாம். ரோச் கம்பெனியில் வேலை பார்த்த லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன நிபுணர் உருவாக்கியது. 1963-ல் அமெரிக்காவில் 'வேலியம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 'காம்போஸ்' மாத்திரை என்றால் தெரியும். அதுவும் இதே மருந்துதான்.

மூளையின் நரம்புகள் கட்டுக்கு அடங்காமல் துடிப்பதுதான் வலிப்பு. அந்தத் துடிப்பை அடக்கும் இயற்கையான ஒரு ரசாயனம் நம் மூளையிலேயே இருக்கிறது. டயசெபாம் அதன் வேலைக்குப் பலம் சேர்க்கிறது. துடிப்பு அடங்குகிறது. உடல் தளர்கிறது. தூக்கம் வருகிறது.

ஏன் ஆசனவாய் வழி?

வலிப்பு வரும்போது பல் கிட்டிப்போகும். அப்போது வாயில் மாத்திரையோ தண்ணீரோ கொடுத்தால் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அதுவே உயிருக்கு ஆபத்து. ரத்தக் குழாயில் ஊசி போட நர்ஸ் வேண்டும். சதையில் போடும் டயசெபாம் ஊசி மெதுவாகத்தான் வேலை செய்யும்.

மலக்குடலின் சுவரில் ரத்தக் குழாய்கள் நிறைய. அங்கே விட்ட திரவ மருந்து சில நிமிடங்களில் ரத்தத்தில் கலந்துவிடும். இது பேதிக்குக் கொடுக்கும் எனிமா அல்ல. வயிற்றைச் சுத்தம் செய்வதற்கானதும் அல்ல.

இந்த மருந்து சிறு பிளாஸ்டிக் குழலில் திரவமாக வருகிறது. குழல் கிடைக்காத இடங்களில், ஊசி மருந்தையே ஊசி முனை இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுக்கச் சில டாக்டர்கள் கற்றுத் தருவார்கள். அவர்கள் செய்து காட்டாமல் நீங்களாக அதில் இறங்க வேண்டாம். மெழுகுபோல் கெட்டியாக வரும் 'சப்போசிட்டரி' கரைவதற்கு நேரம் பிடிக்கும். அவசரத்துக்குத் திரவமே ஏற்றது.

எப்போது கொடுப்பது?

வலிப்பு தொடங்கியதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். அவற்றுக்கு இந்த மருந்து தேவையில்லை.

5 நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் மருந்தைக் கொடுக்க வேண்டும். ஒன்று நின்று, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலும் கொடுக்க வேண்டும். சிலருக்கு டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருப்பார். அவர் சீட்டில் எழுதியதே உங்களுக்குச் சட்டம்.

30 நிமிடம் வரை வலிப்பு நீடித்தால் மூளைக்கு நிரந்தரமான கெடுதல் வரலாம் என்கிறது மருத்துவம். 5 நிமிடத்தில் மருந்து கொடுக்கச் சொல்வது அதனால்தான்.

கொடுக்கும் முறை

முதலில், சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லுங்கள். ஒரு போர்வையைப் பிடித்து மறைவு செய்யுங்கள். நோயாளி பெண்ணாக இருந்தால் இது மிகவும் முக்கியம்.

நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் காலை முழங்காலில் மடக்கி வயிற்றுப் பக்கம் கொண்டுவாருங்கள். கீழாடையைத் தளர்த்துங்கள்.

குழலின் உறையைக் கிழித்து, மூடியைத் திருகி எடுங்கள். நுனி கீழ் நோக்கி இருக்கும்படி பிடித்து, ஆசனவாய்க்குள் மெதுவாகச் செலுத்துங்கள். பெரியவர்களுக்கு நுனி முழுவதும் போகலாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி நுனி போதும். பல குழல்களில் அதற்கு அடையாளக் கோடு இருக்கும். தடை தெரிந்தால் பலவந்தம் செய்யக் கூடாது.

இப்போது குழலை நன்றாக அழுத்துங்கள். அழுத்திய பிடியை விடாமலே வெளியே எடுங்கள். பிடியை விட்டால் மருந்து திரும்பக் குழலுக்குள் ஏறிவிடும். அடியில் ஒரு சொட்டு தங்கினால் கவலை வேண்டாம். மருந்து வழிந்து வராதபடி இரண்டு புட்டங்களையும் சேர்த்துச் சில நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்த நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.

கொடுத்த பிறகு

நோயாளி தூங்குவார். அது இயல்பு. ஆனால் மூச்சைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்து மூச்சின் வேகத்தைக் குறைக்கக்கூடியது. யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நன்றாக விழிக்கும் வரை சாப்பாடோ தண்ணீரோ கூடாது.

உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டிய நிலைகள் இவை: மருந்து கொடுத்து 5 நிமிடம் ஆகியும் வலிப்பு நிற்காதது, மூச்சு திணறுவது அல்லது மிகவும் மெதுவாவது, உதடு நீலம் பாய்வது, தலையில் அடிபட்டது, கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக வலிப்பு வந்தது, இந்த மருந்தே முதல் தடவையாகக் கொடுக்கப்பட்டது. கன்னடம் சரியாக வராதே என்று தயங்க வேண்டாம். "பிட்ஸ்" என்ற ஒரு சொல் போதும். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

டாக்டர் சொல்லாமல் இரண்டாவது குழலைக் கொடுக்கக் கூடாது. அளவு வயதையும் எடையையும் பொறுத்தது. ஆகவே அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தை வளர்ந்தால் எடை கூடும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அளவு சரிதானா என்று கேளுங்கள்.

குடித்திருப்பவருக்கு இந்த மருந்து பேராபத்து. மதுவும் டயசெபாமும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். கடுமையான வலிக்கு மார்பின், டிரமடால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும், கடும் ஆஸ்துமா, தூக்கத்தில் மூச்சு அடைப்பு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, இரும்பைக் கொடுப்பது, செருப்பை முகர வைப்பது எதுவும் வலிப்பை நிறுத்தாது. பல்லுக்கு நடுவில் கரண்டி வைத்தால் பல் உடையும். கையையும் காலையும் அழுத்திப் பிடித்தால் எலும்பு முறியும்.

படபடப்புக்கும் இதுதானா?

டயசெபாம் மனப் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் மருந்துதான். மிகக் கடுமையான பதற்றத்தில், ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்வையில் ஆசனவாய் வழியாகவும் கொடுப்பது உண்டு. ஆனால் வீட்டில் வலிப்புக்காக வைத்திருக்கும் குழலைப் படபடப்புக்கோ தூக்கத்துக்கோ எடுக்கவே கூடாது.

மாத்திரையாகச் சாப்பிடுவதும் சில வாரங்களுக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. பழகிவிட்டால் உடல் அதைக் கேட்கும். பிறகு திடீரென்று நிறுத்தினால், வலிப்பே இல்லாதவருக்கும் வலிப்பு வரலாம். குறைப்பதாக இருந்தால் டாக்டர் சொல்லும்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது

டயசெபாம் 'எச்-1' பட்டியலில் உள்ள மருந்து. இந்த விதி 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். அவர் பெயர் கேட்டால் கோபப்பட வேண்டாம்.

தகரக் கூரை வீடுகளில் சித்திரை வெயிலில் மருந்து கெட்டுப்போகும். சுவரோரமாக, நிழலான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். குழந்தைக்கு எட்டக் கூடாது. பெரியவர்களுக்குத் தெரியாமலும் இருக்கக் கூடாது. காலாவதித் தேதியை மாதம் ஒரு தடவை பாருங்கள். உறையை முன்னதாகவே பிரித்து வைக்காதீர்கள்.

மூக்கில் அடிக்கும் 'மிடசோலம்' ஸ்பிரேயும் இப்போது நம் நாட்டில் கிடைக்கிறது. பஸ்சிலும் பள்ளிக்கூடத்திலும் அது சவுகரியம். உங்கள் நோயாளிக்கு ஏற்றதா என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம்மவர்கள் ஊருக்குப் புறப்படும் வேகம் ஸ்டேஷனில் இருப்பவர்களுக்குத் தெரியும். டிக்கெட் இல்லாமல் பொதுப் பெட்டியில் இரவெல்லாம் நின்றுகொண்டு போவார்கள். மாத்திரை பெட்டிக்கு அடியில் கிடக்கும். ஒரு வேளை தவறும். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பை வரவழைக்கும் இரண்டு முக்கியமான காரணங்கள்.

வலிப்பு உள்ளவர் பயணம் செய்வதாக இருந்தால் முன்பதிவு செய்து கீழ் பெர்த் கேளுங்கள். மேல் பெர்த் வேண்டாம். கதவோரம் உட்கார வேண்டாம். மாத்திரையும் அவசர மருந்தும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். ஓடும் ரெயிலில் வலிப்பு வந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 139-க்குப் போன் செய்தாலும் அடுத்த ஸ்டேஷனில் உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

மறைக்க வேண்டிய நோய் அல்ல

வலிப்பு இருப்பதைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் முன்பு வழி இருந்தது. 1999-ல் பார்லிமெண்ட் அதை நீக்கிவிட்டது. சட்டம் மாறிவிட்டது. நம் மனமும் மாற வேண்டும். மறைக்கிற வீட்டில்தான் மருந்து பீரோவில் பூட்டிக் கிடக்கிறது.

பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், தொழிற்சாலை மேஸ்திரி ஆகியோரில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குக் கொடுக்கும் முறை தெரிந்திருக்கட்டும். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியையோ மூத்த பிள்ளையையோ அழைத்துப் போங்கள். நர்சிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். அரை நாள் கூலி போனாலும் அது வீண் போகாது.