சொந்தக்காரர்கள் எத்தனை பேர்?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆக விரும்புகிறவர்கள் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது முக்கியம்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆவதற்கான நேர்காணலில் மதிப்பெண் பட்டியல் பெரிய விஷயமில்லை. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். எதிரே உட்கார்ந்திருக்கும் வளர்ச்சி அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: வந்திருப்பவருக்கு எத்தனை பேரைத் தெரியும்? மாமா மாந்தோப்பு வைத்திருக்கிறாரா? கூடப் படித்தவர்களில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள்? தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பேனா தயங்காமல் ஓடினால் நேர்காணல் பாதி முடிந்த மாதிரிதான்.

பட்டியல் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விதான் பெரும்பாலும் எழுவதில்லை.

2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரீமியத்தைப் பொறுத்தவரை இரண்டும் முன்பே வேறு வேறு உலகங்கள். திருப்பதியில் தேவஸ்தானமும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் மாதச் சம்பளம் தருகின்றன. சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலோ பல குடும்பங்களுக்குப் பணம் மாம்பழத்தோடு வருகிறது, ஆண்டுக்கு ஒருமுறை. 2025 கோடையில் கிளிமூக்கு மாம்பழமான தோதாபுரியின் விலை சரிந்தது. மாங்கூழ்த் தொழிற்சாலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், தன் பங்காக 4 ரூபாய் சேர்ப்போம் என்று ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் விவசாயி தள்ளிப்போடும் செலவுகளில் பிரீமியமும் ஒன்று.

ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதுவும் கடந்தால் பாலிசி காலாவதி. ஐந்து ஆண்டுகளுக்குள் வட்டியோடு கட்டிப் புதுப்பிக்கலாம். ஆனால் ஒரே ஒரு தவணை கட்டிவிட்டு நிறுத்தியவர் இடையில் இறந்துபோனால், முழுக் காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு வராது. மாமாவுக்குப் பாலிசி விற்ற மருமகன் துக்க வீட்டில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனவே நேர்காணலுக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இது வேலையா என்பதே. ஏஜென்ட், நிறுவனத்தின் ஊழியர் அல்ல. சம்பளமோ பி.எஃப்.போ கிடையாது, கமிஷன்தான். வழக்கமான பாலிசிகளில் அது முதல் ஆண்டில் அதிகம், பிறகு குறைவு. ஆனால் பிரீமியம் வந்துகொண்டிருக்கும்வரை கமிஷனும் வரும். எல்.ஐ.சி. ஏஜென்டுகளுக்குப் பணிக்கொடையும் உண்டு. அதன் உச்சவரம்பு 2023-இல் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மாதப் பணத்துக்கு ஒரு விதிவிலக்கு, 2024 டிசம்பர் 9 அன்று பானிப்பட்டில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டம். இதில் சேரும் பெண்களுக்கு முதல் ஆண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கும் நிபந்தனை இருக்கிறது: முந்தைய ஆண்டு பிடித்த பாலிசிகளில் 65 சதவீதமாவது நடப்பில் இருக்க வேண்டும்.

நேர்காணலுக்குப் பின் பயிற்சி, அதன்பின் தேர்வு. 50 கேள்விகள், ஒரு மணி நேரம். 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தெலுங்கிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். கடைத்தெருவில் இரண்டு மொழியும் புழங்கும் சித்தூருக்கு அது வசதி.

அங்கே படிக்கும் ஒரு சட்டப்பிரிவு வெளியே வந்ததும் நிஜமான பரீட்சையாகிவிடும். 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, கமிஷனில் பங்கு கொடுத்து ஆள் பிடிப்பதைத் தடை செய்கிறது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். "முதல் தவணையை நீயே கட்டிவிடேன்" என்று உரிமையோடு கேட்கக்கூடியவர் வெளியாளாக இருக்கமாட்டார். பட்டியலில் முதலில் எழுதப்பட்ட சொந்தக்காரராகவே இருப்பார். கைக்காசு போடாமல் வாங்கிய பாலிசியை இரண்டாம் தவணையில் கைவிட அவருக்கு மனம் வலிக்காது. வலி ஏஜென்டுக்குத்தான்: கட்டிய பணம் போச்சு, வரவேண்டிய கமிஷன் போச்சு, சில சமயம் உறவும் போச்சு.

ஆகவே பெயர்ப் பட்டியல் எழுதியவர் அந்தத் தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்பது நல்லது. இவர்களில் மூன்றாவது ஆண்டும், மாம்பழ விலை விழுந்த ஆண்டிலும், தவணை கட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? இந்தத் தொழில் அவருக்குச் சோறு போடுமா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.