குறைவளர்ச்சியின் இயல்புகளும் காரணங்களும்: சாம்பியாவின் செம்புப் பொருளாதாரம்

குறைந்த தலா வருமானம், வேளாண்மையில் தேங்கிய உழைப்பு, தாழ்ந்த மூலதன ஆக்கம், முதன்மைப் பண்ட ஏற்றுமதியைச் சார்ந்திருத்தல் ஆகியன குறைவளர்ச்சி நாடுகளின் பொது இயல்புகளாகும். வருமானக் குறைவால் சேமிப்பும், அதனால் முதலீடும், அதனால் உற்பத்தித்திறனும் குன்ற, மீண்டும் வருமானமே குறைகிறது. இதனை ராக்னர் நர்க்சே 1953இல் வறுமையின் நச்சுச் சுழல் என விளக்கினார்.

இச்சுழல் உள்நாட்டுக் காரணங்களால் மட்டும் இயங்குவதில்லை என்பதற்குச் சாம்பியா சான்றாகிறது. 1964இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு செம்பிலிருந்தே கிடைத்தது. காலனிய ஆட்சி சுரங்கங்களையும் செம்பைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லும் இருப்புப்பாதையையும் வளர்த்தது. உயர்கல்வியையும் பிற தொழில்களையும் வளர்க்கவில்லை. முதல் பல்கலைக்கழகமே 1966இல்தான் திறக்கப்பட்டது.

1970களின் நடுப்பகுதியில் செம்பின் விலை சரிந்தது. எண்ணெய் விலையோ முன்பே உயர்ந்திருந்தது. வருவாய்க் குறைவை ஈடுசெய்ய வெளிநாட்டுக் கடன் பெருகியது. 2005–2006 காலத்தில் அக்கடனின் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பட்டது. எனினும் மீண்டும் கடன் பெருகி, 2020இல் கடன்பத்திர வட்டியைச் செலுத்த அந்நாடு தவறியது.

ஆகவே, கடன் தள்ளுபடி சுமையைக் குறைக்குமேயன்றி, ஒற்றைப் பண்டத்தைச் சார்ந்த ஏற்றுமதிக் கட்டமைப்பு மாறாதவரை சுழலை அறுக்காது எனலாம்.