வரம்போரம் பதுங்கும் மயில் உள்ளான்

மட்டக்களப்பு வாவிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையான எழுவான்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். சுமார் 56 கிலோமீட்டர் நீளும் வாவியில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் தேடாமலே கிடைக்கும். கண்ணில் படாதவை வேண்டுமானால் வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவுப் பக்கம், மேற்குக் கரையான படுவான்கரை வயல்களுக்குப் போக வேண்டும். காலையில் மேற்கே பார்த்து நின்றால் வெயிலும் முதுகில்தான் விழும்.

அங்கே என் முதல் தெரிவு மயில் உள்ளான். இதில் அழகு பெண்ணுக்கு: செம்பழுப்புக் கழுத்து, கண்ணைச் சுற்றிப் பின்னோக்கி நீளும் வெள்ளைக் கீற்று. ஆண் மங்கல், உருவத்திலும் சிறிது. முட்டையிட்டதும் பெண் அடுத்த துணையைத் தேடிப் போய்விடும்; அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். பகலில் வரம்போரப் புல்லுக்குள் அசையாமல் பதுங்கியிருக்கும். கால் படுமளவுக்கு நெருங்கினால்தான் எழும்பும். அப்போதும் கால்களைத் தொங்கவிட்டு மெதுவாகப் பறந்து, கொஞ்சத் தூரத்திலேயே இறங்கிவிடும். கரகரவென்று கத்தியபடி வளைந்து வளைந்து பாய்ந்தால் அது சைபீரியாவிலிருந்து வந்த ஊசிவால் உள்ளான். மாரியில் அதுதான் அதிகம். புதியவர்கள் பலர் அதைக் கண்டுவிட்டு மயில் உள்ளான் என்று குறித்துக்கொள்வதும் உண்டு.

மைம்மல் பொழுதில் பெண் கூப்பிடும், வெறும் போத்தல் வாயில் ஊதினாற்போல. யானை வயலுக்கு இறங்குவதும் அந்த நேரம்தான். வாடியில் காவலிருப்பவரைக் கேட்காமல் போகவே கூடாது.

2007 இல் கிழக்கில் சண்டை ஓயும்வரை, கழுத்தில் தொலைநோக்கியோடு இந்தப் பக்கம் நடப்பதை யாரும் நினைத்தே பார்த்திருக்க முடியாது. 1943 இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப் ஜனவரிதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் ஜனவரியில் பெரும்போக நெல் உயர்ந்து நிற்கும். அதற்குள் இருப்பதை எந்தக் கண் எண்ணும்?

ஆகவே பறவைக் கையேட்டுக்கு முன் வேளாண்மை வெட்டு எப்போது என்று விசாரியுங்கள். மெசின் வயலைச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டு வர, வெட்டாத துண்டு சுருங்கும். தண்ணீர்க்கோழியோ செங்குருகோ உள்ளே இருந்தால் கடைசியில் வாய்க்கால் சம்புக்கு ஓடித்தான் ஆக வேண்டும். வரம்பில் நின்றே பார்க்கலாம். படம் எடுக்கிற அவசரத்தில் விளைந்த வயலுக்குள் இறங்கினால் வயற்காரர் ஏசுவார், ஏசத்தான் வேண்டும்.